நாற்பது புத்தகத் தட்டு

நவம்பர் கடைசியில் சூரியன் விடுப்பில் போய்விடும்.
ஜனவரி பாதிவரை பின்லாந்தின் இந்த வடகோடிக்கு வராது.
அதற்குள் நான் நாற்பது புத்தகம் பொறுக்கியாக வேண்டும்,
ஒன்பது வயதுக்கு மேல், பதின்மூன்றுக்குக் கீழ்,
'சாகசம், மாயம்' என்று எழுதி ஒட்டிய,
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருக்கும்
ஒற்றைத் தட்டுக்கு.
நாற்பத்தொன்றாவதைச் செருகினால்
முதல் வளைவிலேயே எல்லாம்
தௌனோவின் தலையில் விழும்.

நூலகப் பேருந்தை ஓட்டும் தௌனோவுக்கு
அட்டையில் டிராகன் இருந்தால் போதும், சம்மதம்.
எனக்குப் போதாது.
கதைக்குள் போகும் பிள்ளைகளுக்கு
எந்தப் பக்கத்தில் பசிக்கிறது என்று பார்ப்பேன்.
மூன்று நாள் மலையேறியும்
ஒருவரும் ஒரு கவளம் கேட்கவில்லையென்றால்
கீழே வைத்துவிடுவேன்.
கேட்டதையெல்லாம் கொடுக்கிற மந்திரக்கோலையும்தான்.
எதையாவது பிடுங்கிக்கொண்டு கொடுக்கிற மாயமே
இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் செல்லுபடியாகும்.

போன குளிர்காலம் நீலாஸிடம் மூக்குடைபட்டேன்.
பேசும் ஓநாய், பொன்னெழுத்து அட்டை,
விடியும்வரை படித்து நான் அழுத புத்தகம்.
கலைமான் மேய்க்கும் வீட்டுப் பையன்
இருபதாம் பக்கத்தோடு திருப்பித் தந்தான்:
"இந்த ஓநாய் ஒரு குட்டியைக்கூடத் தின்னவில்லை.
பேசுவதற்கு மட்டும் எங்கிருந்து தெம்பு?"

ஆனாலும் அதை நான் தட்டிலிருந்து இறக்கவில்லை.

மாரெட் வேறு விதம்.
பதினொரு வயது. ஆற்று வளைவு நிறுத்தம்.
அப்பாவும் அவளும்
பகலிலும் அணைக்காத ஒரு வாசல் விளக்கும்.
ஒரு புத்தகம் எடுப்பாள்,
முதல் அத்தியாயத்தில் விரலோட்டுவாள், மூடுவாள்.
அடுத்தது. அடுத்தது.
ஒன்பதாவதில் கேட்டேன், "என்ன தேடுகிறாய்?"

"அம்மா உயிரோடிருக்கிற கதை."

தௌனோ இன்ஜினை அணைத்தார்.

தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.
நானே பொறுக்கிய நாற்பது.
கப்பலோடு மூழ்கியவள், காய்ச்சலில் போனவள்,
பிரசவத்தில் மூவர், சாபத்தில் இருவர்,
பெயர்கூட இல்லாமல்
முதல் வரிக்கு முன்பே செத்திருந்த ஒருத்தி.
பிள்ளை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமே,
அதற்காகக் கதைக்காரர்கள் முதலில் முடித்துவிடும் வேலை.
இருபது வருடம் பசியைச் சோதித்திருக்கிறேன்.
பிணங்களை எண்ணியதில்லை.

எட்டு மாலைகள் நிலவறைக் கிடங்கில் கழிந்தன.
கிடைத்தது ஒன்று:
மங்கிய பச்சை அட்டை,
ஆறு வருடமாக யாரும் தொடாதது.
சவுனா அடுப்புக் கற்களுக்குப் பின்னால் ஒரு கதவு,
கதவுக்குள் ஏரி, ஏரிக்கடியில் ஒரு ராஜ்ஜியம்.
மாயம் சுமார் ரகம்.
டிராகன் ஒன்று கடைசியில் வழிதவறி வந்ததுபோல் வருகிறது.
ஆனால் கிளம்பும்போது அம்மா
கம்பு ரொட்டி கட்டிக் கொடுக்கிறாள்,
எட்டு மணிக்குள் வந்துவிடு என்கிறாள்,
ஈரக்காலோடு உள்ளே வராதே என்கிறாள்.

இதை ஏற்ற ஒன்றை இறக்க வேண்டும்.
நான் அழுத ஓநாயை இறக்கினேன்.

டிசம்பர், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி.
படியிலேயே நின்றபடி
முதல் அத்தியாயம் பார்த்தாள், நடுவில் பார்த்தாள்.
"கடைசிவரை இருக்கிறாளா?"
"இருக்கிறாள். சூப் ஆறிப்போனதற்குத் திட்டுகிறாள்."
"ரொம்பத் திட்டுகிறாளா?"
"ஒன்றரைப் பக்கம்."
ஜாக்கெட்டுக்குள் வைத்து
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

திருப்ப வேண்டிய தேதி ஜனவரி பதினான்கு.
இப்போது மார்ச். பனி கண்ணைக் கூசுகிறது.
திங்கள்தோறும் கணினி ஞாபகப்படுத்துகிறது,
திங்கள்தோறும் நான் நீட்டிப்பை அழுத்துகிறேன்.
ஆற்று வளைவில் அவள் வேறு புத்தகங்கள் எடுக்கிறாள்,
பச்சை அட்டையைப் பற்றி
அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

தட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் காலி.
வண்டி ஓடும்போது தௌனோ
அதில் தன் கையுறையைச் செருகி வைக்கிறார்,
மற்றவை சாயாமலிருக்க.